குருத்தோலையில் காய்ந்த ரத்தம்

அன்பானவர்களே, சொந்த அண்ணன் மண்டையைப் பிளந்த பாவி உங்கள் முன்னால் நிற்கிறேன்.

என் பேர் சவரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டர். திருநின்றவூரில் என் வீடும் அண்ணன் வீடும் பக்கத்துப் பக்கத்தில். நடுவில் அரை அடி மண். அது யாருக்கு என்று ரெண்டு வருஷமாக வாய்ச்சண்டை.

போன வருஷம் குருத்து ஞாயிறு. கையில் குருத்தோலையோடு பவனியில் தொண்டை கிழிய ஓசன்னா பாடிவிட்டு வீட்டுக்கு வந்தோம். நான் நட்டிருந்த எல்லைக்கல் பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

"இன்னா, உன் வேலையா?" என்றேன்.

"ஆமாடா, இன்னா பண்ணுவே?" என்றார் அண்ணன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கையில் கிடைத்த இரும்புக் குழாயால் ஓங்கி அடித்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. குருத்தோலை பிடித்த கையாலேயே தலையைப் பொத்திக்கொண்டு அண்ணன் சரிந்தார். வெளிர் ஓலை சிவப்பாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அண்ணி என் முகத்தில் காறித் துப்பினார். துடைக்கவில்லை. வாசலிலேயே விழுந்து கிடந்தேன். "ஆண்டவரே, அண்ணனைப் பிழைக்க வை. அவர் வாயால் என்னிடம் ஒரு வார்த்தை பேச வை" என்று கதறினேன்.

நாலு நாள் கழித்து, பெரிய வியாழனன்று அண்ணன் கண் திறந்தார். போலீஸிடம், "வழுக்கி உழுந்துட்டேன் சார்" என்றாராம். ஆனால் என்னிடம் பேசவில்லை. எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பதினோரு மாதம் இப்படியே போனது. அடிபட்ட நாய் மாதிரி அவர் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த வருஷம் சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, வீட்டிலிருக்கும் பழைய குருத்தோலைகளைக் கொண்டுவரச் சொன்னார் ஃபாதர். அவற்றை எரித்துத்தான் நெற்றிக்குச் சாம்பல் எடுப்பார்கள். நெருப்பில் அண்ணனும் ஒன்றைப் போட்டார். கறுத்த கறையோடு அதே ஓலை! இத்தனை நாளும் அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்திருக்கிறார்.

புதன்கிழமை ஃபாதர் என் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். வெளியே நல்ல வெயில். வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். யாரோ கையைப் பிடித்தார்கள். அண்ணன்.

"தொடைக்காதடா. அதுல என் ரத்தமும் கீது."

நடுரோட்டில் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஓசன்னா பாடிய ஓலைதான் சாம்பலாகி, நான் செய்ததை என் நெற்றியில் எழுதியது. சாம்பல் புதனுக்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இதுதான். எல்லைக்கல்லை நானே தூக்கிப் போட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டிலும் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு குருத்தோலை செருகியிருக்கும். அதைப் பார்க்கும்போது, நீங்கள் பேசாமல் இருக்கிற ஒருத்தரை நினைத்து ஜெபியுங்கள். ஆண்டவர் கேட்பார். ஒரு வார்த்தைதான் கேட்டேன், என் அண்ணனையே திருப்பித் தந்தார்.