நடுவில் பதினாறு பக்கம் இல்லை

போன ஞாயிறு நாவலூரில் அண்ணன் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் தன் பையனைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை, வீட்டிலேயே பாடம். டேப்லெட் நிறையப் பழைய கதைப் புத்தகங்களை இறக்கி வைத்திருக்கிறாள். "எல்லாம் காப்பிரைட் முடிஞ்சது அத்தை, ஒரு பைசா கிடையாது" என்றாள். பையன் சோபாவில் தலைகீழாகக் கிடந்து படித்துக்கொண்டிருந்தான். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு வயிறு எரிந்தது. ஐம்பதை நெருங்குகிற வயதில் எட்டு வயதுப் பையனைப் பார்த்துப் பொறாமை! ஆனால் இந்த எரிச்சல் புதிதல்ல, சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த அஸ்தினாபுரத்தில் பற்றிக்கொண்டது.

எண்பதுகளில் அங்கே எங்கள் அடுத்த வீடு ஜெசியுடையது. அவள் தம்பி சாமுவைப் பள்ளியில் ஸ்கேலால் அடித்துக் கை வீங்கிவிட்டது. அவர்கள் அம்மா ரோசலின் ஆன்ட்டி இருவரையுமே பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே பாடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "இந்தம்மாவுக்கு இன்னா கிறுக்கா?" என்றது தெரு. நான் மட்டும், கடவுளே, என்னையும் யாராவது அடிக்க மாட்டார்களா என்று வேண்டிக்கொண்டேன். முதல் ரேங்க் வாங்குகிறவளை யார் அடிப்பார்கள்?

ஜெசியின் அப்பா பல்லாவரத்தில் ஓர் அச்சகத்தில் பைண்டர். அங்கே பழைய கதைகளை மலிவுப் பதிப்பாகப் போடுவார்கள். "எழுதனவரு போய்ச் சேந்து அம்பது வருஷம் ஆயிட்ச்சும்மா. இப்ப அது ஊர் சொத்து, யார் வேணா அடிக்கலாம்" என்பார். மை இழுவிக் கெட்டுப்போன தாள்களை முதலாளி சும்மாவே கொடுத்துவிடுவார். ஆன்ட்டி மைதாப் பசை காய்ச்சி ஒட்டிப் புத்தகமாக்குவார். அந்தப் பசையும் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை, அடடா! என் புதுப் பாடப்புத்தகமெல்லாம் அதன் கால் தூசுக்குப் பெறாது.

ஒரே குறை, எந்தக் கதையும் முழுசாக இருக்காது. பதினாறு பக்கம் ஒரே தாளில் அச்சாகும். அந்தத் தாளில் ஒரு பிரதிகூடக் கெடாமல் வந்துவிட்டால் எல்லாமே கடைக்குப் போய்விடும், இவர்களுக்குக் கிடைக்காது. அப்படி விட்டுப்போன இடம் வந்தால் பாடமே அதுதான்: நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்ல வேண்டும். ஒரு கதையில் வணிகனைக் குகைக்குள் தள்ளிப் பாறையால் மூடிவிடுவார்கள். அடுத்துக் கிடைத்த பக்கத்தில் அவன் ராஜா வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். வவ்வால்களோடு சிநேகம் பிடித்து வழி கேட்டிருப்பான் என்றான் சாமு. குகைக்கு மேலேதான் அரண்மனை அடுப்படி, சாம்பார் வாசனையைப் பிடித்துக்கொண்டே ஏறிவிட்டான் என்றாள் ஜெசி.

"நீ சொல்லு கண்ணு" என்றார் ஆன்ட்டி, பள்ளி விட்டதும் ஓடிவந்து உட்கார்ந்திருந்த என்னிடம்.

நான் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "கரெக்ட் ஆன்சர் எது ஆன்ட்டி?" என்றேன்.

சாமு உருண்டு உருண்டு சிரித்தான். ஒரே ஒரு தடவையாவது அவர்கள் வாயைப் பிளக்கும்படி நான் ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே கிடையாது. தாம்பரம் நூலகத்தில் அதே கதையை முழுசாகத் தேடிப் பிடித்து, மூச்சிரைக்க ஓடிவந்தேன். "காவக்காரன் வந்து பாறைய தள்ளி வுட்டுட்றான். அவ்ளோதான்!"

ஜெசி முகம் சுளித்தாள். "அய்ய, இதுக்கு எங்க வவ்வாலே தேவலாம்."

புத்தகமே என் கட்சியில் நின்றும் தோற்றேன், பாருங்கள்.

அப்புறம் ஆஃப்செட் அச்சு இயந்திரம் வந்தது. அந்தச் சின்ன அச்சகத்தை மூடினார்கள். ஆன்ட்டி துணிக் கம்பெனி வேலைக்குப் போனார், வீட்டில் பாடம் சொல்ல ஆளில்லை. ஜெசி என் வகுப்பிலேயே வந்து சேர்ந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம், இனி அவள் கதையெல்லாம் என் பெஞ்சிலேயே கிடைக்குமே! அரையாண்டுப் பரீட்சையில் 'கதையை நிறைவு செய்க' என்று ஒரு கேள்வி. மூன்று பக்கம் எழுதினாள். டீச்சர் மூன்றையும் குறுக்கே அடித்து, கொடுத்த குறிப்புகளில் ஒன்றுகூட இல்லையே என்று திட்டினார்.

மறுநாள் ஜெசி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "உன் நோட்ஸ கொஞ்சம் குட்றி. மனப்பாடம் பண்ணிட்டு தந்துட்றேன்."

கொடுத்தேன். வருஷக் கடைசியில் இரண்டாவது ரேங்க் வாங்கினாள். தெருவே மெச்சியது. பொறாமைப்படுவதற்குத்தான் எனக்கு அந்தத் தெருவில் ஒரு வீடுகூட மிச்சமில்லை.