சைவமா என்றால் ஆம், அசைவமா என்றாலும் ஆம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடியில் இயங்கிய எங்கள் நிறுவனத்தில் இணையதளம் கட்டுபவர்கள் இரண்டே பேர். ஒருவர் மதுரைக்காரர். வாடிக்கையாளர் கண்ணில் படும் பக்கங்களை எழுதுவார். மற்றவர் நாகர்கோவில்காரர். அந்தப் பக்கங்களில் நிரப்பப்படும் தகவலை வாங்கி, அதை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும் நிரல் அவருடையது. ஏசியை எவ்வளவு குளிரில் வைப்பது என்ற தகராறில் இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அவர் பக்கத்திலிருந்து இவர் நிரலுக்குப் போகும் தகவல்தான் அவர்களுக்குள் மிச்சமிருந்த ஒரே போக்குவரத்து.

இவர்களை ஒழுங்குபடுத்தத்தான் என்னை எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தகவலுக்கும் என்ன பெயர், எந்த வடிவில் போகும், என்ன பொருள் என்பதை இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். "கண்டிப்பா மேடம்" என்றார் மதுரைக்காரர். "நல்ல யோசனை மேடம்" என்றார் நாகர்கோவில்காரர். அத்தோடு சரி.

அப்போது வேலப்பன்சாவடியில் ஒரு சமையல் கான்ட்ராக்டருக்குத் தளம் செய்துகொடுத்தோம். விசேஷ வீட்டுக்காரர்கள் அதில் ஆர்டர் கொடுப்பார்கள். சமையற்கட்டில் மாட்டியிருக்கும் திரையில் அது தெரியும். திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு ஆர்டர்கள் வந்தன: அயனம்பாக்கத்தில் ஏரி தெரியும் ஒரு ஃபிளாட்டில் கிரகப்பிரவேசம், திருமுல்லைவாயிலில் காதுகுத்து.

அன்று காலை கான்ட்ராக்டர் ஃபோன் செய்தார்.

"இன்னா மேடம் பண்ணி வச்சிக்கீறீங்க? கிரகப்பிரவேச ஊட்ல அண்டாவைத் தொறந்தா மட்டன் பிரியாணி. ஐயரு மூக்கைப் பொத்திகினு படியில எறங்கிட்டாரு!"

"நீங்க ஏன் அதை அனுப்புனீங்க?"

"உங்க டிவியில தானே போட்டு கீது! இந்தக் காலத்துல கிரகப்பிரவேசத்துக்கே பிரியாணி கேக்குறாங்க போலன்னு நெனச்சேன். காதுகுத்துக்கு சாம்பாருன்னு இருந்திச்சி. சரி, மாமங்காரன் கஞ்சன் போலன்னு உட்டுட்டேன்."

மதுரைக்காரரின் பக்கம் 'சைவமா?' என்று கேட்டிருந்தது. கிரகப்பிரவேச வீட்டுக்காரர் 'ஆம்' என்று சொன்னார். உள்ளே போனது அந்த வெறும் 'ஆம்' மட்டும். நாகர்கோவில்காரரின் நிரலோ அதை 'அசைவமா?' என்ற கேள்விக்குப் பதிலாக எடுத்துக்கொண்டது. காதுகுத்து வீட்டார் சொன்ன 'இல்லை'யும் அதே மாதிரி தலைகீழானது. இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "என் பக்கம் சரியாத்தான் இருக்கு மேடம்" என்று இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். இருவரும் சொன்னது உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல்.

என் வீடும் அயனம்பாக்கம் என்பதால் நேரிலேயே போனேன். புது வீட்டுக்காரர் ஐடியில் வேலை செய்பவர். நான் தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொல்லத் தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வெறும் ஆம், இல்லைன்னா வச்சீங்க? ரெண்டு பேரும் முன்னாடியே பேசிக்கலையா? எங்க ஆபீஸ்லயும் போன மாசம் தேதியில, நாள் முதல்லயா மாசம் முதல்லயான்னு இதே கூத்துதான். கேளுங்களேன்..."

"ஏங்க, சொந்தக்காரங்க எல்லாம் பந்தியில உக்காந்தாச்சு. மொதல்ல சாப்பாடு வருமா வராதான்னு கேளுங்க" என்றார் அவர் மனைவி, முந்தானையை மூக்கிலிருந்து எடுக்காமல்.

அதற்குள் காதுகுத்து வீட்டுத் தாய்மாமன் என் நம்பரைப் பிடித்துவிட்டார்.

"கிடா விருந்துன்னு சொல்லி சனத்தை இட்டுகினு வந்துகீறேம்மா. பாத்தா இலையில வடை கீது! உங்க சாம்பாரை எத்துகினு போங்க. வடையை மட்டும் பசங்க துன்னுட்டாங்க, அது வராது."

கான்ட்ராக்டரின் இரண்டு வண்டிகளும் எஸ்டேட் ரோட்டில் சந்தித்து அண்டாக்களை மாற்றிக்கொள்வது என்று முடிவானது. பரிமாறும் ஆட்கள் விசேஷ வீடுகளிலேயே இருந்தார்கள். தூக்க ஆள் வேண்டும். அம்பத்தூரில் குடியிருந்த என் இரண்டு மேதைகளையும் உடனே வரச் சொன்னேன்.

பிரியாணி அண்டாவை ஒற்றை ஆள் தூக்க முடியாது. ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் என்னைப் பார்த்தார்கள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"தூக்குங்க" என்றார் மதுரைக்காரர்.

"உங்க பக்கம் சாயுது."

"நீங்கதான் இழுக்குறீங்க."

"செரி, நான் சொன்ன பொறவு விடுங்க."

பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் சாம்பார் இன்னும் இறங்கவில்லை. ஆகவே அடக்கிக்கொண்டேன்.

இரண்டு வீட்டிலும் பந்தி தாமதமாக நடந்தது. பிரியாணி ஆறாமல் வந்துவிட்டதில் மாமன் சமாதானமாகிவிட்டார். அயனம்பாக்கத்து அம்மாள் மட்டும் மத்தியானம் முழுக்க வீட்டில் சாம்பிராணி போட்டாராம்.

திங்கட்கிழமை மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். இனி ஆம், இல்லை கிடையாது. 'உணவு வகை' என்று ஒரே பெயர், அதற்குள் சைவம் அல்லது அசைவம். பக்கம் கேட்டு வாங்கி அப்படியே கொடுக்கும். பொருள் கொள்வது நிரலில் மட்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டியது. நாகர்கோவில்காரர்தான் "முட்டை எதுல வரும்?" என்று கேட்டுத் தொலைத்தார்.

முற்பகல் முழுவதும் முட்டையிலேயே போனது. கடைசியில் முட்டைக்குத் தனி வகை ஒதுக்கிவிட்டு, கான்ட்ராக்டரைக் கூப்பிட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

"எல்லாம் கரீக்ட்டுதான் மேடம். ஆனா கேக்குல முட்டை கீதே. சுத்த சைவக்காரங்களும் அத்த துன்றாங்களே, அதை எதுல போடுவீங்க?"

எங்கள் பட்டியலில் இன்றைக்கும் நான்கு உணவு வகைகள் உண்டு: சைவம், அசைவம், முட்டை, கேக்.