தூள் இழுக்கும் சுருதி

வீட்டுப் பால்கனியில் மரவேலை செய்வதால் எங்கும் தூள். அதை உறிஞ்சும் மெஷின் வாங்க சைதாப்பேட்டைக் கடைக்குப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். நெற்றியில் திருநீறு, மீசையில் மரத்தூள், ஒரு காதில் மட்டும் இயர்போன்.

கடைக்காரர் ஒவ்வொரு மெஷினாக ஓட்டிக் காட்ட, அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், தூள் எப்டி இழுக்குதுன்னு பாக்க மாட்டியா?" என்றார் கடைக்காரர்.

"ஆத்துல நான் மரவேலை பண்ற ரூமுக்குப் பக்கத்துல என் வைஃப் பாட்டு கிளாஸ் எடுக்கறா. மெஷின் வேற சுருதில கத்தித்துன்னா குழந்தைகள் அதைப் பிடிச்சுண்டுடறதுகள். அதான் காதுல தம்புராவ ஓட விட்டுண்டு பாக்கறேன்."

கடைசி மெஷினின் குழாய் வாயை உள்ளங்கையால் பாதி மூடினார். இரைச்சல் மெல்ல ஏறியது. அவர் முகம் மலர்ந்தது.

"இப்போ சுருதி சேர்றது," என்றார் என்னிடம்.

"கைய வெச்சிருந்தா தூள இழுக்காதே சார்?"

"அதான் யோசிக்கறேன்," என்றார், கையை எடுக்காமலே.

நான் ஒரு மெஷினை வாங்கிக்கொண்டு கிளம்பும்போதும் அப்படியேதான் நின்றிருந்தார். அவர் வாங்கினாரா, தெரியாது. வீட்டில் மெஷினைப் போடும்போதெல்லாம் நானும் குழாயை ஒருமுறை பாதி மூடிப் பார்க்கிறேன். எனக்குச் சுருதி தெரியாது.