உலக்கை தூக்கிய ராணி

பிள்ளையார்பாளையத்துக் கலியாணசுந்தரம் பகலில் பட்டு நெய்வான். கூத்து என்றால் புடவை கட்டி ராணியாகிவிடுவான். அவன் நடையைப் பார்த்துப் பெண்களே மூக்கில் விரல் வைப்பார்கள். ஆனால் அறுபத்தேழாம் வருஷம் அந்தப் பேரும் புகழும் ஒரே கட்டத்தில் காற்றில் பறந்துவிட்டன.

கதையில், குடிமக்களை வதைக்கும் ராஜாவை ராணியே உலக்கையால் அடித்துக் கொல்லவேண்டும். நம்ம ஆள் உலக்கையைப் பயில்வான் மாதிரி தலைக்கு மேல் சுழற்றினான். முன்வரிசைப் பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். கொலை நடக்கிற இடத்தில் சிரிப்பு! கூத்து வாத்தியார் அப்பாதுரைக்கு முகம் கறுத்துப்போயிற்று. "செவிலிமேட்டு ஆட்டத்துலயும் சிரிச்சாங்கன்னா ராணி வேஷம் வீரபாகுவுக்குத்தான்பா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பதினாறு வருஷமாகக் கட்டிய வேஷம். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுப் பெண்சாதி அம்சவேணியிடமே கேட்டான்.

"கோவம் வந்தா பொம்பள எப்படி அடிப்பா? கொஞ்சம் செஞ்சு காட்டேன்மா."

"எனக்கின்னா தெரியும்? வேலயப் பாருய்யா" என்றாள். அவன் விடவில்லை.

அவள் உலக்கையை எடுத்தாள். உடனே ஓங்கவில்லை. இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். அப்புறம் ஒரே போடு! மூலையிலிருந்த தவிட்டு மூட்டை கிழிந்து கொட்டியது.

"யம்மாடி! யாரை நெனச்சுக்கினு அடிச்சே?"

"தறியில இழை அறுந்தா என் முதுகுல அறையிறியே, உன்னைத்தான்."

அது தப்பு என்று அதுவரை தோன்றியதேயில்லை, பாவிக்கு! எந்த வீட்டில் இல்லாதது என்றே இருந்துவிட்டான்.

செவிலிமேட்டில் விடிகிற நேரம் அந்தக் கட்டம் வந்தது. ராணி உலக்கையை அணைத்துக்கொண்டு ராஜாவையே பார்த்தாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை. "போடுடி!" என்று ஒரு குரல் வந்தது. உலக்கை இறங்கியது. பெண்கள் கூட்டமே எழுந்து நின்றுவிட்டது.

அப்பாதுரை ஓடிவந்து மாலை போட்டார். "யாருகிட்டபா கத்துக்கினே?"

ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். புடவையும் அரிதாரமுமாக நின்றவன், எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னான்.

"எம் பொண்டாட்டிகிட்ட. நான் அவளை அடிச்சுக்கினு இருந்தேன், அதால அவளுக்குத் தெரிஞ்சுது. இனிமே கை வெக்க மாட்டேன். ஊரே சாட்சி!"

கூட்டத்தின் நடுவிலிருந்து அம்சவேணி முன்னால் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆம்பளைங்க சாட்சி எனக்கு வேணாம்யா. இங்க இருக்கிற பொம்பளைங்க சொல்லட்டும்!"

"நாங்க இருக்கிறோம்மா!" என்று முன்வரிசை முழுக்கக் கத்தியது.