கள்ளித் தோட்டத்து யானைக்குட்டி

கதிர் தள்ளப்போகிற நேரத்தில் எங்கள் வயல் வெடித்துக் கிடக்கிறது. தண்ணீர் திறந்துவிடச் சொல்லிக் கேட்க, இன்று காலை நானும் பக்கத்துக் காணிச் செல்லம்மாக்காவும் கிளிநொச்சிக்கு, வாய்க்கால் என்ஜினியர் ஐயாவின் பங்களாவுக்குப் போனோம்.

அவர் எங்களை வாய் திறக்க விடவில்லை.

"முதல் என்ரை பாலைவனத் தோட்டத்தைப் பாருங்கோ."

வெள்ளை மணல் பரப்பி, சட்டி சட்டியாகக் கள்ளி வைத்திருந்தார். இடையிடையே அவரே சீமெந்தில் செய்த சிலைகள். காடு வெட்டியபோது நாங்கள் வேரோடு பிடுங்கி எரித்த மாதிரியான முள்ளையெல்லாம் பெயர் சொல்லி அறிமுகம் செய்தார்.

"இதுகள் தண்ணியே கேக்காதுகள், தெரியுமோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

ஒரு சிலைக்கு முன்னால் செல்லம்மாக்கா செருப்பைக் கழற்றினார். வழியில் பிள்ளையாரைக் கண்டால் இலைக்குழை முறித்து வைக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் கடப்பதில்லை. அங்கே குழைக்கு எங்கே போவது? பக்கத்துக் கள்ளியில் ஒரு கொப்பை முறித்து, காலடியில் வைத்துக் கும்பிட்டார்.

"ஐயோ, அது கப்பலிலை வந்த கள்ளி!" என்று ஐயா கத்தினார்.

"பிள்ளையாருக்குத்தானே ஐயா வைச்சனான்."

"அது பிள்ளையார் இல்லை! நான் செய்த யானைக்குட்டி!"

தண்ணீர்க் கதையை நான் எடுக்கமுதலே எங்களை வெளியே விட்டுக் கேற்றைச் சாத்திவிட்டார்.

வயலுக்குள் வருகிற யானைகளைக் கத்திக் கத்திக் கலைக்கிற ஆட்கள் நாங்கள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்த யானை ஒன்றை நான் இன்றுவரை காணவில்லை. நீங்கள் யாரும் கண்டீர்களோ?