தண்ணி குடிச்சவன்கிட்ட பில்லு கேக்கறதா?

ஏமாந்துபோனவங்க வீட்டு வாசல்ல போய் நின்னுக்கிட்டு "நீங்க ஏமாந்துட்டீங்க"ன்னு சொல்றது இருக்குதே, அத மாதிரி திட்டு வாங்கிக் குடுக்கற வேலை வேற கிடையாது. திட்டு ஏமாத்தினவனுக்கு இல்ல, நமக்கு. உங்க வீட்லயும் ஒரு பெருசு இருக்கும். எவனோ சிரிச்சுப் பேசினான்னு எதையோ வாங்கி அலமாரி மேல வெச்சிருக்கும். அதப் பத்தி நீங்க வாயத் திறந்தா அன்னிக்கு உங்களுக்கு சோறு கிடைக்காது. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

சுனாமி வந்ததுக்கு அடுத்த வருஷம். நான் பி.காம் ரெண்டாவது வருஷம் படிச்சுக்கிட்டிருந்தேன். காலேஜ்ல நுகர்வோர் மன்றம்னு ஒண்ணு இருந்துச்சு. யாருக்கு வாய் ஜாஸ்தியோ அவங்களத்தான் அதுல சேப்பாங்க போலருக்குது, மேடம் நேரா என்னைத்தான் கூப்பிட்டாங்க. சனிக்கிழமையானா மரக்காணத்துக்குப் போயி, உப்பளத்து ஓரமா இருக்கற ஒரு தெருவுல, வயசானவங்களுக்கு ஏமாறாம இருக்கறது எப்படின்னு சொல்லிக் குடுக்கணும். கூட வந்தவன் பாபு, என் கிளாஸ். அவனுக்கு கோவமே வராது. அதப் பாத்தாலே எனக்கு கோவம் வரும்.

மைக்கு செட்டு

நான் பொம்மையார்பாளையத்துக்காரி. உப்பு சோத்துல போடறதுன்னு தெரியும், அவ்ளோதான். அதனால மொத வாரம் பதினோரு மணிக்கு மைக்கு கட்டினோம். உப்பளத்துல விடியறதுக்கு முன்னாடியே வேலைய ஆரம்பிச்சு, வெயில் ஏர்றதுக்குள்ள முடிச்சு, வீட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சுட்டு படுத்துடுவாங்கன்னு எங்களுக்கு எவன் சொன்னான்? "நுகர்வோர்தான் ராஜா"ன்னு நான் கத்திக்கிட்டே இருக்கேன், ஒரு நாய் மட்டும் எதிர்ல உக்காந்து கேக்குது.

ரொம்ப நேரம் கழிச்சு ஒரு கதவு திறந்துச்சு. கன்னியப்பன் தாத்தா. எழுபது வயசு இருக்கும், ஆயுசு பூரா பாத்தியில உப்பு வாரினவரு. துண்ட உதறி தோள்ல போட்டுக்கிட்டு நிதானமா நடந்து வந்தாரு. மைக்க பாத்தாரு, என்னை பாத்தாரு.

"ஏம்மா, ராஜா தூங்கறப்ப இப்படித்தான் காதுகிட்ட வந்து கத்துவாங்களா?"

உப்புக்கு ஒரு தேதி

அதுக்கப்பறம் சாயந்திரமா போனோம். பாக்கெட்டுல வெலை பாருங்க, தேதி பாருங்க, தேதி தாண்டினத வித்தா கடைக்காரன் மூஞ்சிலயே வெச்சுட்டு வாங்கன்னு பாடம். காட்டறதுக்கு ஒரு பாக்கெட் வேணுமேன்னு பாபு முக்கு கடைல வாங்கிட்டு வந்தான். அத்தனை சாமான் இருக்கற கடைல அந்த மகராசன் வாங்கிட்டு வந்தது உப்பு.

இந்த உப்ப இந்த மாசத்துக்குள்ள சாப்பிட்டுடணும்னு நான் தேதிய சத்தமா படிச்சேன். தெருவே சிரிச்சுது. சட்டம்னா சட்டந்தான், இதுல சிரிக்க என்ன இருக்குன்னு நான் சண்டைக்குப் போனேன். அஞ்சலாட்சி பெரிம்மா, தெருவுலயே சத்தமா சிரிக்கறவங்க, கண்ணத் தொடச்சுக்கிட்டே எழுந்தாங்க. உப்பளத்துல ஓலை போட்டு மூடி மலையாட்டம் குவிச்சு வெச்சிருந்த உப்ப கை காட்டினாங்க.

"அதோ அதுக்கு என்னிக்கும்மா கருமாதி?"

வெள்ளச் சட்டைக்காரன்

ஒரு வாரம் போனப்ப அந்த அஞ்சலாட்சி பெரிம்மா சிரிக்கல. பாத்தா, காதுல கம்மல் இருக்கற எடத்துல தொடப்பக்குச்சிய ஒடிச்சு சொருகி வெச்சிருக்காங்க. கம்மல் அடகுக் கடைல. என்னத்துக்குன்னா, கால் மெஷின் வாங்கறதுக்கு. உப்புத் தண்ணியில நின்னு நின்னு அவங்க காலு வெடிச்சுக் கெடக்கும். வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு டிவிஎஸ்ல ஒருத்தன் வந்து, இது மேல கால வெச்சா உடம்புல ஏறின உப்ப பூரா உறிஞ்சிடும்னு சொல்லியிருக்கான். சுனாமிக்கு அப்பறம் வண்டியில வந்தவங்கல்லாம் அரிசியும் போர்வையும் குடுத்தாங்க இல்ல, இவனையும் அந்த வரிசையில சேத்துட்டாங்க. ரெண்டு நாள் கிர்ருனு ஆடின மெஷின் அப்பறம் மூச்சு விடல. வைகாசில அவங்க அண்ணன் பொண்ணு கல்யாணம். வெறுங்காதோட போயி நின்னா அண்ணிக்காரி பந்தல்ல என்ன பேசுவான்னு பெரிம்மாவுக்கு இப்பவே மனப்பாடம்.

இதான்டா கேஸுன்னு நான் நிமிர்ந்து உக்காந்தேன். பில்ல எடுங்கன்னேன். பில்லு இல்ல. இன்னும் ரெண்டு வீட்ல வித்திருக்கான், அங்கயும் இல்ல. பில்லு கூட கேக்காம என்னத்த வாங்கினீங்கன்னு கத்தினேன். அப்பதான் சங்கதி வெளிய வந்துச்சு. அந்த ஆளு எந்த வீட்டுக்குள்ள போனாலும், மெஷினப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கான். பெரிம்மா என்னை ஏதோ அசிங்கமா பேசினவள பாக்கற மாதிரி பாத்தாங்க.

"நம்ம வீட்டுத் தண்ணிய குடிச்ச மனுஷன்கிட்ட, உன்னை நம்பல, எழுதிக் குடுன்னா கேக்கறது?"

ஒத்திக

மாசக் கடைசில இன்னும் நாலு மெஷினோட வர்றேன்னு சொல்லிட்டுப் போயிருந்தான். அன்னிக்கு விட்டா கம்மல் அவ்ளோதான். அதனால ஒத்திக வெச்சேன். பாபுதான் வெள்ளச் சட்டைக்காரன், அவன் டிபன் பாக்ஸுதான் மெஷின். வந்தா தண்ணி கெடையாது, வாசல்லயே நிறுத்தி பில்லு எங்கன்னு கேக்கணும்னு பெரிம்மாவுக்கு ஆயிரம் தடவ சொல்லி வெச்சேன்.

பாபு மூஞ்ச தொடச்சுக்கிட்டு "வெயிலு"ன்னு ஒரு வார்த்த சொன்னான். அவ்ளோதான். தண்ணி வந்துச்சு, மோர் வந்துச்சு, சாப்டியாப்பான்னு கேட்டு சோறும் சுட்ட கருவாடும் வந்துச்சு. பெரிம்மா டிபன் பாக்ஸு மேல கால வெச்சு, நல்லாத்தான் இருக்குதுன்னு வேற சொன்னாங்க. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். பாபு கருவாட்ட கடிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்பினான்.

"ஏய், நாம எதுக்கு பி.காம் படிக்கறோம்?"

தாத்தா வீட்டுப் பான

மரியாத மரியாதன்னு காதையே குடுத்துட்டீங்களேன்னு அன்னிக்கு தெருவுல நின்னு கத்தினேன். கன்னியப்பன் தாத்தா எல்லாத்தையும் கேட்டுட்டு, அவன் எங்க வீட்ல மெஷினும் விக்கல, தண்ணியும் குடிக்கல, பில்லு கேக்க எனக்கென்ன தடைன்னாரு. வேற வீட்டுப் பில்ல நீங்க எப்படி கேப்பீங்கன்னு நான் எகிறினேன்.

மாசக் கடைசில சொன்ன மாதிரியே வந்தான். பெரிம்மா வீட்ல தண்ணி கேட்டான். பெரிம்மா குடுத்தாங்க, நான் பல்லக் கடிச்சேன். அவன் சொம்ப கீழ வெக்கறதுக்குள்ள தாத்தா போயி டிவிஎஸ் சீட்டுல உக்காந்துட்டாரு. அஞ்சலாட்சிக்கு வித்த மெஷினுக்கு பில்லு வேணும்னாரு. அவரு மாதிரியே தண்ணி குடுக்காத வீட்டுப் பெருசுங்க நாலு பேரு வண்டியச் சுத்தி நின்னு, மத்த ரெண்டு வீட்டுக்கும் பில்லு கேட்டாங்க. கம்பெனில இருக்குதுன்னான். இருக்கட்டும், வர்ற வரைக்கும் உக்காந்திருக்கோம்னாங்க. அவன் பாவமா பெரிம்மாவ பாத்தான். பெரிம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டு, நான் ஒண்ணும் கேக்கலியேப்பான்னாங்க.

களவாணிப் பய, அவனுக்கு சட்டுனு விளங்கிடுச்சு. இளிச்சுக்கிட்டே தாத்தாகிட்ட வந்து, ரொம்ப தாகமா இருக்குது, உங்க வீட்ல ஒரு வாய் தண்ணி கெடைக்குமான்னான். குடுத்துடாதீங்கன்னு நான் கைய ஆட்டினேன். தாத்தா சீட்ட விட்டு எறங்கவே இல்ல.

"குடுக்காம என்னப்பா? மொதல்ல பில்லு, அப்பறம் தண்ணி."

குடம் வாங்கப் போனது

பில்லுன்னா அதுல பேரு எழுதணும், ஊரு எழுதணும். அதுக்கு காச திருப்பிக் குடுக்கறதே மேலுன்னு மூணு வீட்டுக்கும் குடுத்துட்டு வண்டிய எடுத்தான். போலீசுக்குப் போலாம்னு நான் குதிச்சேன். காசு வந்துடுச்சு இல்ல, வெயில்ல போறான் பாவம், விடுன்னாங்க பெரிம்மா. அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் தீரல.

கம்மல மீட்டு போட்டுக்கிட்டு, கல்யாணத்துக்கு சீர் குடம் வாங்க திண்டிவனத்துக்கு என்னையும் இட்டுக்கிட்டு போனாங்க. நாங்க உள்ள நுழைஞ்சதும் பாத்திரக் கடைக்காரரு கலர் சோடா ஒடைச்சு குடுத்தாரு. வேணாம்னு நான் கைய புடிக்கறதுக்குள்ள பாதி காலி. அப்பறம் எங்க பில்லு கேக்கறது? குடத்த எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாங்க. எனக்கு உச்சி மண்ட காயுது. பக்கத்துல முன்ன பின்ன தெரியாத ஒரு அம்மா குக்கர் வாங்கிக்கிட்டு, கலர் வேணாம்னுட்டு, அவங்களும் கெளம்பினாங்க. பெரிம்மா அந்தம்மா கையக் கெட்டியா புடிச்சு நிறுத்திட்டு, கம்மல் ஆட கடைக்காரரு பக்கம் திரும்பினாங்க.

"எனக்கு ஒண்ணும் வேணாம்பா. இந்தம்மா உன் கலர குடிக்கல பாரு, இவங்களுக்கு பில்லு போட்டியா?"

அந்த வருஷம் பூரா நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்தினதுல அந்தத் தெரு கத்துக்கிட்ட உரிமை ஒண்ணே ஒண்ணுதான்: பில்லு கண்டிப்பா கேக்கணும், ஆனா பக்கத்து வீட்டுக்கு.