அக்காவின் சொந்தக் குரல்

ஜெர்மனியில் டுசல்டோர்ஃப் நகரத்துப் படப்பிடிப்புத் தளமொன்றின் உடைமாற்றும் அறையில், பச்சைப் பட்டுக் கவுனுடன் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அந்த நடிகை நின்ற காலைப்பொழுதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். உடை தைக்கும் பிரிவில் நான் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவரோ அயர்லாந்திலிருந்து வந்து, ஜெர்மன் படங்களிலும் தொடர்களிலும் பல வருடங்களாக நடித்துக்கொண்டிருந்தவர். ஹம் நகரில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் அவர் முகம் வராத வாரம் குறைவு. அந்தத் தளத்தில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிட மூத்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. அக்கா, கொஞ்சம் திரும்புங்கள் என்று தமிழும் ஜெர்மனும் கலந்து சொல்லிவிட்டேன். அது என்ன சொல் என்று கேட்டார். விளக்கம் சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. அந்த வாரமே விளக்குக்காரர் முதல் இயக்குநர் வரை எல்லோரும் அதை அவருடைய செல்லப்பெயர் என்று நினைத்து அக்கா, அக்கா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். தலை முழுக்க நரைத்த இயக்குநரும் அப்படிக் கூப்பிட்டபோது சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. நான் திருத்தப் போகவில்லை.

அக்கா ஓரிடத்தில் சும்மா நிற்க மாட்டார், வாயும் ஓயாது. ஒரு கவுனுக்கு அளவெடுத்து முடிப்பதற்குள் அவர் வாழ்க்கையில் ஒரு துண்டு எனக்குக் கிடைத்துவிடும். அவர் ஜெர்மனில் சொன்னதெல்லாம் என் நினைவில் எங்கள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊர். தகப்பன் பஸ் ஓட்டுநர், தாய்க்கு மீன் பதனிடும் ஆலையில் வேலை. தாதிப் படிப்புக்கென்று டப்ளினுக்கு அனுப்பிய மகள் நாடக மேடையில் போய் நின்றார். தகப்பன் நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பிறகு ஊர்ச்சனத்தை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அவரே நாடகம் பார்க்க வந்தாராம். முதல் படத்தில் வேலைக்காரி வேஷம். "கதவைத் திறந்தன், கதவைச் சாத்தினன், என்ரை படம் முடிஞ்சுது" என்பார். லண்டனில் வாய்ப்பு வந்தபோது ஐரிஷ் உச்சரிப்பை விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அதையும் செய்தார். பிறகு ஒரேயொரு படத்துக்கென்று ஜெர்மனிக்கு வந்தவர், அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளரைக் கல்யாணம் செய்து இங்கேயே இருந்துவிட்டார். சீமாட்டி, நீதிபதி, பெரிய டாக்டர் என்று எத்தனையோ வேஷங்கள். புது உடை போட்டால் எல்லோரையும் போலக் கண்ணாடியில் பார்க்க மாட்டார், முதலில் கதிரையில் உட்கார்ந்து பார்ப்பார். "இவ எப்பிடி இருப்பா எண்டு தெரிஞ்சால்தான் எப்பிடிக் கதைப்பா எண்டு தெரியும்" என்பார்.

ஆனால் ஜெர்மனியில் அவர் போட்ட அந்த வேஷங்களில் ஒன்றில்கூட அவர் குரல் இல்லை. வெளிநாட்டு நடிகர்களின் வாய்க்கு உள்ளூர்க் குரல் கொடுப்பது இந்த நாட்டில் ஊறிப்போன வழக்கம். அக்காவின் ஜெர்மன் சரளமானதுதான், ஆனால் கேட்டவுடனே வெளியூர் என்று தெரிந்துவிடும். அதனால் பெர்லினில் இருந்த ஒரு பெண்தான் எப்போதும் அவருக்காகப் பேசினார். "லண்டனிலை உச்சரிப்பை மட்டும்தான் கேட்டவை, இஞ்சை குரலையே வாங்கிப்போட்டினம்" என்று அக்கா பகிடி விடுவார். ஒருநாள் இருவரும் பக்கத்துப் பேக்கரிக்குப் போனோம். அக்காவைக் கண்டதும் அங்கே பாண் விற்கும் பெண்ணின் முகம் மலர்ந்தது. அக்கா வாய் திறந்து பாண் கேட்டதும் அந்த முகம் வாடிவிட்டது. "மன்னிக்கோணும், உங்களை அந்த நடிகை எண்டு நினைச்சிட்டன்" என்றாள். "கனபேர் அப்பிடித்தான் சொல்லுறவை" என்று சொல்லிப் பாணை வாங்கிக்கொண்டு வந்த அக்கா வழியெல்லாம் சிரித்தார். தளத்துக்கு வந்து கதிரையில் இருந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "சாகிறதுக்கு முதல் இஞ்சை ஒரு படத்திலையாவது நான் கதைக்கோணும்" என்றார்.

சில வருடங்கள் கழித்து ஒரு தொலைக்காட்சிப் படத்தில் முக்கிய வேடம் வந்தது. ரூர் பகுதி நகரமொன்றில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்தும், வேறு நாட்டிலிருந்து வந்த விதவை. இந்த முறை நானே பேசுவேன் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். பார்க்கிறவர்கள் அந்தப் பெர்லின் குரலுக்குப் பழகிவிட்டார்கள், மாற்றினால் குழம்புவார்கள் என்றார் தயாரிப்பாளர். இழுபறிக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள்: தளத்தில் பதிவாகும் ஒலி துப்புரவாக இருந்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் பெர்லின்தான். அக்கா சம்மதித்தார். அளவெடுக்கும்போது என்னிடம் மட்டும், "அந்தப் பெர்லின்காரியின்ரை குரலைப் போட்டினமெண்டால் இதுதான் என்ரை கடைசிப் படம்" என்றார். அக்கா சொன்னால் சொன்னதுதான் என்பது எனக்குத் தெரியும்.

வேறு குரல் போடப்போகும் நடிகைக்குத் தைப்பது சுகமான வேலை. பட்டோ நைலோனோ, நடக்கும்போது எவ்வளவு சரசரத்தாலும் ஒருவரும் கவலைப்பட மாட்டார்கள். அதுவரை அக்காவுக்கு நான் தைத்ததெல்லாம் அப்படித்தான். சொந்தக் குரல் என்றால் கதை வேறு. நெஞ்சுக்கருகே துணிக்குள் ஒளித்துவைக்கும் சின்ன மைக்கில் துணி உரசினால் பேச்சு கெட்டுவிடும். கடைக்காரிக்கு நைலோன் ஏப்ரன் என்று முடிவாகியிருந்தது. நான் பலமுறை துவைத்து நைந்த பருத்தி விரிப்பொன்றை வெட்டி, அதே நிறமேற்றி, அதே மாதிரி ஒரு ஏப்ரன் தைத்தேன். சட்டையின் உள்பக்கம் மைக் இருக்க மெத்தென்ற துணியில் ஒரு சின்னப் பையும் வைத்தேன். உடை வடிவமைப்பாளர் முதலில் முகத்தைச் சுளித்தார். ஒலிப்பதிவாளர் இரண்டு ஏப்ரனையும் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என் பருத்தி ஏப்ரன்தான் வேண்டும் என்றார். பெருமையாகவே சொல்கிறேன், துணிச் சத்தத்துக்காக அந்தப் படத்தில் ஒரு காட்சியைக்கூடத் திருப்பி எடுக்கவில்லை. மிச்சமெல்லாம் அக்காவின் திறமை. கடையைக் காலி செய்யச் சொல்லி வரும் வீட்டுச் சொந்தக்காரரிடம், குரலை உயர்த்தாமல், உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டே மாட்டேன் என்று சொல்லும் காட்சி. அதை ஒரே தடவையில் நடித்து முடித்தார்.

எந்தக் குரல் என்ற முடிவை ஒருவரும் அக்காவுக்குச் சொல்லவில்லை. படம் தொலைக்காட்சியில் வருமுன் டுசல்டோர்ஃபில் நடந்த முதல் காட்சிக்கு அழைப்பு வந்தபோதும் தெரியாது. திரையரங்கில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், நகம் பதிந்து வலித்தது. திரையில் அந்தப் பெண் கடையைத் திறக்கிறாள், அடுப்பை மூட்டுகிறாள், மேசை துடைக்கிறாள், பேசவே மாட்டேன் என்கிறாள். கடைசியில் ஒரு வாடிக்கையாளர் விலை கேட்கிறார். பதில் வந்தது. அக்காவின் குரல். எனக்குக் கண் நிறைந்து திரை தெரியவில்லை. அக்கா அழவில்லை. "கொஞ்சம் கெதியாச் சொல்லிப்போட்டன்" என்று, அவசரப்பட்டுவிட்டதற்காக என் காதுக்குள் குறைப்பட்டுக்கொண்டார்.

இன்று அவருக்குக் கதை எழுதுகிறவர்கள் அந்தக் குரலுக்காகவே எழுதுகிறார்கள். நானும் சரசரக்காத துணி தேடிக் கடைகடையாக ஏறி இறங்குகிறேன். ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாக நிற்பது, படம் தொலைக்காட்சியில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. ஹம்மில் அம்மாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். முதியோர் இல்லச் சமையலறையில் காலமெல்லாம் வேலை செய்த அம்மாவுக்கு ஜெர்மன் நன்றாக விளங்கும், வாயில் வரும் விதத்தில்தான் வெட்கம். ஜெர்மன்காரர் ஃபோனில் வந்தால் என் கையில் திணித்துவிடுவார், டாக்டரைப் பார்க்க டெர்மின் என்று நேரம் குறிப்பதும் நான்தான்.

"இதுவே அவவின்ரை குரல்?" என்று அம்மா கேட்டார்.

"ஓம் அம்மா."

"நல்லாத்தானே இருக்கு. இவ்வளவு காலமும் ஏன் ஒளிச்சு வைச்சவை?"

படம் முடிந்ததும் அக்காவை ஃபோனில் கூப்பிட்டு அம்மா கேட்டதைச் சொன்னேன். உடனே, அம்மாவிடம் ஃபோனைக் கொடு என்றார். அம்மா பேச மாட்டார் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "தா இஞ்சை" என்று அம்மா ஃபோனை வாங்கிக்கொண்டார். நீங்கள் நன்றாகக் கதைத்தீர்கள் என்று ஜெர்மனில் தொடங்கினார். கடையில் என்ன எண்ணெயில் பொரித்தீர்கள் என்று கேட்டார். பேச்சை முதியோர் இல்லத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய்விட்டார். நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தபோதும் பேச்சு முடியவில்லை. நடுவில் ஒரு சொல் வராமல் அம்மா தடுமாறினார். வழக்கம்போல் நான் ஃபோனை வாங்கக் கையை நீட்டினேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டுத் தானே தொடர்ந்தார்.